கம்ப்யூட்டர் கண் திறக்கவில்லையா?

விசையை அழுத்தியாயிற்று. பச்சை விளக்கு எரிகிறது. உள்ளே விசிறி "விர்" என்று சுற்றுகிறது. ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை. ஒரே இருட்டு!

மகளின் கல்லூரி விண்ணப்பம் அதற்குள்தான் இருக்கிறது. அண்ணன் கல்யாணப் படங்களும் அதற்குள்தான். "எல்லாம் போச்சே!" என்று தாயார் கையைப் பிசைகிறார். "இனிப் புதுசுதான் வாங்க வேண்டும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் எதுவும் போயிருக்காது.

படங்களும் கடிதங்களும் இருப்பது திரையில் அல்ல. ஹார்ட் டிஸ்க் என்ற தனிப் பகுதியில். விளக்கு அணைந்துவிட்டால், பெட்டியில் பூட்டி வைத்த நகை காணாமல் போகுமா?

மூடுபனி ஊர்

கோடைக்கானலுக்குச் சற்றுக் கீழே, மலைப் பாதையில் வெள்ளி அருவிக்கு அருகே இருக்கிறது செண்பகனூர். பட்டப்பகலிலேயே மூடுபனி வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் ஊர். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் துவைத்த துணி காய்வதில்லை. உப்புச் சாடியில் தண்ணீர் விடுகிறது. தீப்பெட்டி நமுத்துப் போகிறது.

இந்த ஈரம் பாசிக்குக் கொண்டாட்டம். செண்பகனூரில் வாழ்ந்த ஜார்ஜ் ஃபோரோ என்ற பாதிரியார், பழனி மலைப் பாசி வகைகளைப் பற்றி 1961-ல் பெரிய ஆராய்ச்சிக் கட்டுரையே வெளியிட்டார். ஆனால் பாசிக்கு ஆகிற ஈரம் கம்ப்யூட்டருக்கு ஆகாது!

குளிர்ந்த தண்ணீர் வைத்த செம்புக்கு வெளிப்புறம் முத்து முத்தாக வேர்க்கிறதல்லவா? குளிரில் கிடந்த கம்ப்யூட்டரைச் சூடான அறைக்குத் தூக்கி வந்தால் அதற்கும் அப்படியே வேர்க்கும். உடனே மின்சாரம் கொடுப்பது ஆபத்து. சில மணி நேரம் சும்மா வைத்திருந்து பிறகு போட வேண்டும். அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காய வைக்கவே கூடாது.

மழைக்காலத்தில் தினமும் கொஞ்ச நேரம் ஓட விடுவது நல்லது. அதன் சொந்தச் சூடே ஈரத்தை விரட்டும். இடி மின்னல் வந்தால் மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

தன்னைத் தானே சோதிக்கும் யந்திரம்

கம்ப்யூட்டர் விழித்ததும் முதல் வேலையாகத் தன் உறுப்புகளைத் தானே சோதித்துப் பார்க்கிறது. 1981-ல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட கம்ப்யூட்டரிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. ஒரே ஒரு சிறு "பீப்" சத்தம் வந்தால் எல்லாம் சரி என்று பொருள். வேறு மாதிரிக் கூவினால் எங்கேயோ கோளாறு. கூவலின் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இக்காலக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் கூவுவதற்கு ஒலிபெருக்கியே இல்லை. அவை ஊமையாக நின்றுவிடும்.

ஆகவே நாம்தான் பார்க்க வேண்டும். முதலில் திரைக்குத் தனியாக மின்சாரம் வருகிறதா? பின்புறம் கேபிள் கழன்றிருக்கிறதா? கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் பல வீடுகளில் கோளாறு இவ்வளவுதான்!

மடிக்கணினி என்றால் ஒரு சுலபமான வழி உண்டு. ஹெச்.டி.எம்.ஐ. கேபிளால் வீட்டு டெலிவிஷனோடு இணைத்துப் பாருங்கள். டெலிவிஷனில் படம் வந்தால் யந்திரம் நன்றாக இருக்கிறது, திரையில்தான் குறை. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அதனால் கூலி வேலை செய்பவர் வீட்டிலும் மடிக்கணினி வந்தது. வந்ததே தவிர, கெட்டுப் போனால் பார்க்கும் வழியை யாரும் கூடவே கொடுக்கவில்லை.

ரேமின் குறும்பு

இருட்டுத் திரைக்கு அடிக்கடி காரணமாக இருப்பது ரேம் என்ற சிறு பலகை. கம்ப்யூட்டரின் தற்காலிக ஞாபகசக்தி இதில்தான் இருக்கிறது. இதன் அடியில் பொன்னிறப் பற்கள் வரிசையாக இருக்கும். ஈரமும் தூசியும் அவற்றில் படிந்தால் மின்சாரம் சரியாகத் தொடாது. யந்திரம் விழித்த இடத்திலேயே திகைத்து நின்றுவிடும்.

மேஜைக் கம்ப்யூட்டர் என்றால் பிளக்கை முழுவதும் பிடுங்கிவிட்டுப் பக்கத்து மூடியைக் கழற்றலாம். உள்ளே கை வைக்குமுன் பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலை மின்சாரம் இறங்கிவிடும். ரேமின் இரு முனைக் கொக்கிகளையும் விலக்கிப் பலகையை எடுத்து, பற்களை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, "டக்" என்று சத்தம் வரும்படி திரும்ப அழுத்த வேண்டும். இரண்டு பலகை இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பார்க்கலாம். எது மக்கர் செய்கிறது என்பது தெரிந்துவிடும்.

மின்சாரம் வழங்கும் இரும்புப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் அதிர்ச்சி தரும் மின்சாரம் தங்கியிருக்கும். பழைய குண்டுத் திரைகளும் அப்படியே. குழந்தைகள் பக்கத்தில் வர வேண்டாம்.

கடைக்குப் போகும் முன்

இவ்வளவுக்கும் மசியவில்லையானால் கடைதான் வழி. "மதர்போர்டு போச்சு" என்று கடைக்காரர் சொன்னால், "ரேமை மாற்றிப் பார்த்தீர்களா? வேறு திரையில் பார்த்தீர்களா?" என்று கேட்கலாம். நேர்மையான கடைக்காரர் கோபிக்க மாட்டார். இந்த இரண்டு கேள்வியும் சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தலாம்.

இன்னொன்றையும் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்: "ஹார்ட் டிஸ்கை அழிக்காதீர்கள்." மதர்போர்டே உண்மையில் போயிருந்தாலும், பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் அந்த டிஸ்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினால், கல்யாணப் படங்களும் விண்ணப்பமும் வைத்த இடத்தில் வைத்தபடி கிடைக்கும்.