படம் ஏன் கறுப்பாகிறது?

கல்யாண விசிடியிலிருந்து எப்போதோ காப்பி செய்த கோப்பு. பெயரின் கடைசியில் ‘டிஏடி’. சொடுக்கினால், ‘எதைக் கொண்டு திறக்க?’ என்று விண்டோஸ் நம்மையே கேட்கிறது.

அந்த வால் வெறும் டப்பா லேபிள். உள்ளே இருப்பது எம்பெக்-1 முறையில் சுருக்கிய படம். அகலம் 352 புள்ளி, உயரம் 288, அவ்வளவுதான். சுருக்கியதை விரிக்கும் நிரல்தான் கோடெக். எம்பி4 டப்பாவிலும் இதே கதை: ஒன்றில் எச்.264 இருக்கும், புது போனில் எடுத்ததில் எச்.265 இருக்கலாம். பின்னதற்குக் கோடெக் இல்லாத பிளேயரில் சத்தம் வரும், படம் வராது.

விஎல்சி பிளேயர் தப்பிப்பது இங்கேதான். 1996இல் பாரிஸ் பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய திட்டம் அது. பெரும்பாலான கோடெக்குகளைத் தன்னுடனேயே சுமக்கிறது. லேபிளோடு நிற்காமல் உள்ளே இருக்கும் பைட்டுகளையும் பார்க்கிறது.

வீடியோக்களை அடுக்கிக் காட்டும் ‘கோடி’ என்ற மென்பொருள் அழகுதான், போஸ்டரெல்லாம் ஒட்டும். ஆனால் கோப்பின் பெயரை இணையத் திரைப்படப் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் அப்படி அடுக்கும். ‘அம்மா 60 ஃபைனல் நியூ’ என்ற வீட்டு வீடியோ எந்தப் பட்டியலில் இருக்கும்? பெயர் மாற்ற உட்காரும் பொறுமை வரும்வரை, ஃபோல்டரை அப்படியே விஎல்சி பிளேலிஸ்ட்டில் இழுத்துப் போடுவதே என் வழக்கம்.