‘சீனி குறைஞ்சிருச்சு’ என்றால் போதுமா? கிளினிக்கில் இனிப்பு நீரை எப்படிக் கவனிக்கிறார்கள்?

சுங்கை புரோங், தஞ்சோங் காராங் வட்டாரத்தில், இனிப்பு நீர் உள்ள அம்மாவையோ அப்பாவையோ அரசாங்க கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லும் பிள்ளையா நீங்கள்? நம்பர் எடுப்பது முதல் மருந்து வாங்குவது வரை அரை நாள் போய்விடும். ‘போன தடவை கொடுத்த மாத்திரையையே கொடுத்தா என்ன?’ என்றுகூட தோன்றும். ஆனால் அங்கே நடப்பது மாத்திரை கொடுப்பது மட்டுமல்ல.

டாக்டர் முதலில் பார்ப்பது எதை?

விரலில் குத்திப் பார்க்கும் சோதனை, அந்த நேரத்துச் சீனியை மட்டுமே காட்டும். இரண்டு நாள் தே தாரிக்கை நிறுத்தினால் அந்த எண் குறையலாம். அதனால்தான் டாக்டர் எச்பிஏ1சி சோதனையை நம்புகிறார். சிவப்பு அணுக்களில் ஒட்டியிருக்கும் சீனியை அளந்து, கடந்த 2 முதல் 3 மாதங்களின் சராசரியை அது சொல்லிவிடும். பலருக்கு இலக்கு 6.5 முதல் 7 விழுக்காடு. வயதானவர்களுக்குச் சீனி திடீரென இறங்கும் ஆபத்து இருப்பதால் இலக்கைக் கொஞ்சம் தளர்த்துவார்கள்.

சீனி மட்டும்தானா?

இல்லை. ரத்த அழுத்தம், கொழுப்பு இரண்டையும் சேர்த்தே கட்டுப்படுத்த வேண்டும். மாரடைப்பும் பக்கவாதமும் அந்த வழியாகத்தான் வருகின்றன. ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறுநீரில் புரதம், சிறுநீரகச் செயல்பாடு, கண்ணின் விழித்திரை, பாதத்தின் உணர்ச்சி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். இந்தப் பாதிப்புகள் ஆரம்பத்தில் வலிக்காது. ‘உடம்பு நல்லாத்தானே இருக்கு’ என்று தவணையைத் தவறவிடும் மாதங்களில்தான் அவை வளர்கின்றன.

ஊசி என்றால் ‘கடைசிக் கட்டமா’?

பெரும்பாலும் மெட்ஃபார்மின் மாத்திரையில் தொடங்குவார்கள். போதாவிட்டால் இன்னொரு மருந்து சேரும். ஆண்டுகள் போகப் போக கணையம் சுரக்கும் இன்சுலின் குறைவதால், சிலருக்கு ஊசி தேவைப்படும். ‘ஊசி போட்டா கண்ணு போயிடும்’ என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். கண்ணைக் கெடுப்பது ஊசி அல்ல. பல ஆண்டுகள் கட்டுப்படாமல் இருந்த சீனி. சிக்கலான நோயாளிகளைக் குடும்ப மருத்துவ நிபுணரிடம் அனுப்புவார்கள்.

இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது?

2019 தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. 2023 ஆய்வில், இந்நோய் உள்ள 18 முதல் 29 வயதினரில் 84 விழுக்காட்டினருக்கு அது இருப்பதே தெரியவில்லை. அம்மா அப்பாவுக்கு இருந்து, உங்களுக்கும் உடல் எடை கூடுதலாக இருந்தால், 30 வயதுவரை காத்திருக்காதீர்கள். அடுத்த முறை அவர்களோடு போகும்போது, நீங்களும் சோதனை செய்துகொள்ளலாமா என்று கேளுங்கள்.

அடுத்த தவணையில் கேட்க வேண்டியவை

பரிசோதனை முடிவுகள் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அதை வீட்டில் படித்துச் சொல்லப் போவது நீங்கள்தான். எனவே மூன்று கேள்விகள்:

• இந்த முறை எச்பிஏ1சி எவ்வளவு, போன முறை எவ்வளவு?
• கண்ணும் பாதமும் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டன?
• சிறுநீரகச் சோதனை என்ன சொல்கிறது?

வீட்டில் அவர்கள் உண்மையில் எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளையும், நாட்டு மருந்து இருந்தால் அதையும், பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மாத்திரையை விட்டுவிட்டதை மறைத்தால், டாக்டர் மருந்தின் அளவைத் தேவையில்லாமல் கூட்டிவிடக்கூடும்.