இடிக்கு முந்தும் கரகரப்பு

சித்திரை, வைகாசி மாதங்களில் சேலம், நாமக்கல் பக்கம் சாயங்கால இடிமழை சகஜம். ஆனால் இடிச் சத்தம் 15, 20 கிலோமீட்டருக்கு அப்பால் கேட்பது அரிது. மின்னல் கூடவே வீசும் வானொலி அலையோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். ரஷ்யாவின் அலெக்சாந்தர் போபோவ் 1895-ல் செய்த கருவி, இந்த அலை வந்ததும் மணியடித்தது.

அதன் பேரப்பிள்ளையை வீட்டிலேயே செய்யலாம். ஃபெரைட் தண்டில் சுற்றிய எனாமல் செம்புக் கம்பி, கண்டென்சர், டயோடு, ஓரிரு டிரான்சிஸ்டர், பேட்டரி, ஹெட்போன் போதும். சால்டரிங் பழக்கமில்லையா? பேட்டரி ரேடியோவை மீடியம் வேவில் வைத்து, திருச்சி நிலையத்தின் 936 கிலோஹெர்ட்ஸுக்கு வெகு கீழே, எந்த நிலையமும் கேட்காத இடத்தில் நிறுத்துங்கள். மின்னலுக்கு மின்னல் ‘கர்ர்’ என்று வெட்டும். ரேடியோவை மெல்லத் திருப்புங்கள். உள்ளிருக்கும் ஃபெரைட் தண்டின் முனை மின்னலை நோக்கும்போது சத்தம் அடங்கும். மின்னல் கொல்லிமலைப் பக்கமா, நேர் எதிர்ப்பக்கமா என்பதை மட்டும் இது சொல்லாது. விடாமல் ஒரே சீராக இரைந்தால் எல்.இ.டி. விளக்கையோ விசைத்தறி மோட்டாரையோ சந்தேகப்படுங்கள்.

கூரைமேல் ஏரியல் கம்பி மட்டும் கட்டவே வேண்டாம். இடி காதில் விழுந்துவிட்டால் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு, தென்னை, புளிய மரத்தடிகளை விட்டு விலகிக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கைப்பேசி இருந்தால், புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி அருகில் விழும் மின்னலைக் காட்டும். அதற்குத் தகவல் தரும் உணரிகள் கேட்பதும் இதே கரகரப்பைத்தான்.