வெள்ளைச் சட்டை, கறுப்பு பேட்ஜ்

வீடு, காதல், கல்லூரி எல்லாவற்றையும் ஒத்திப்போட்டுவிட்டு, முன்பின் தெரியாத நாட்டில் கதவு தட்டப் போகிறார்கள் மார்மன் இளைஞர்கள். கதவைத் திறப்பவருக்கு அது இரண்டு நிமிடத் தொந்தரவு. வெளியே நிற்பவருக்கோ இரண்டு வருட வாழ்க்கை.

காலை 6.30. ஊர் மணிலாவாக இருக்கலாம், லிமாவாக இருக்கலாம், ஓசாகாவாகவும் இருக்கலாம். வாடகைக்கு எடுத்த சிறிய அறையில் இரண்டு இளைஞர்கள் எழுந்து மண்டியிட்டு ஜெபிக்கிறார்கள். பிறகு அரை மணி நேரம் உடற்பயிற்சி. குளியல், காலை உணவு. 8 மணிக்குத் தனித்தனியே வேத வாசிப்பு. 9 மணிக்கு இருவரும் சேர்ந்து படிப்பு. புதிய மொழி கற்பவராக இருந்தால் அதற்கும் தனி நேரம். அதன் பிறகு தெருவில் இறங்கினால் இரவு 9 மணி வரை வேலை. 10.30-க்கு விளக்கு அணைந்துவிட வேண்டும். 2017-ல் இந்த அட்டவணை சற்றுத் தளர்த்தப்பட்டது. இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள அனுமதி கிடைத்தது. ஆனால் அடிப்படை மாறவில்லை. டி.வி. கிடையாது. சினிமா கிடையாது. காதல் கிடையாது. கடற்கரை ஊரில் இருந்தாலும் நீச்சல் கிடையாது.

உலகெங்கும் இப்படி வாழ்பவர்கள் 70,000 பேருக்கு மேல். மார்மன்கள் என்று உலகம் அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் முழுநேர மிஷனரிகள் இவர்கள். (மார்மன் என்ற பட்டப்பெயரைத் தவிர்க்கும்படி 2018-ல் சபைத் தலைவர் ரஸ்ஸல் நெல்சன் கேட்டுக்கொண்டார். பழகிய நாக்குகள் அவ்வளவு எளிதில் கேட்பதாக இல்லை.) 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய இந்தச் சபை, இன்று யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியைத் தலைமையகமாகக் கொண்டு 1.7 கோடிக்கு மேல் உறுப்பினர்கள் இருப்பதாகச் சொல்கிறது. அந்த வளர்ச்சியின் முதுகெலும்பு இந்த இளைஞர் படைதான். மீசை அரும்பும் வயதில் அவர்களுக்குக் கிடைக்கும் பட்டம் 'எல்டர்', அதாவது மூப்பர். பெண்களுக்கு 'சிஸ்டர்'.

சம்பளம் இல்லாத உத்தியோகம்

ஆண்களுக்கு இரண்டு ஆண்டு, பெண்களுக்கு ஒன்றரை ஆண்டு. ஆண்களைப் பொறுத்தவரை இது மதக் கடமை, பெண்களுக்கு விருப்பம். 2012 அக்டோபரில் குறைந்தபட்ச வயதை ஆண்களுக்கு 19-லிருந்து 18 ஆகவும், பெண்களுக்கு 21-லிருந்து 19 ஆகவும் சபை குறைத்தது. விளைவு: 60,000-க்கும் குறைவாக இருந்த மிஷனரிகளின் எண்ணிக்கை இரண்டே ஆண்டுகளில் சுமார் 85,000-ஐ எட்டியது. முக்கியமாக, பெண்கள் குவிந்தார்கள்.

எங்கே போவது என்று அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. விண்ணப்பம் சால்ட் லேக் சிட்டிக்குப் போகும். சபையின் உயர்மட்டத் தலைவர்களான அப்போஸ்தலர்களில் ஒருவர் ஊரை முடிவு செய்வார். முன்பெல்லாம் தபாலில் வரும் பெரிய வெள்ளை உறையைச் சொந்த பந்தங்கள் சூழ நிற்க, நடுங்கும் கைகளால் பிரிப்பார்கள். 2018 முதல் கம்ப்யூட்டர் திரையில் வருகிறது. பரபரப்பு மட்டும் அதேதான். பக்கத்து மாநிலமாக இருக்கலாம், மங்கோலியாவாகவும் இருக்கலாம்.

இதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. மாறாக, இவர்கள்தான் பணம் கட்டுகிறார்கள். ஒரு காலத்தில் அனுப்பப்பட்ட ஊரின் விலைவாசிக்கு ஏற்ப அவரவர் குடும்பம் செலவை ஏற்றது. டோக்கியோவுக்கு அழைப்பு வந்த வீட்டில் பெருமையோடு கவலையும் சேர்ந்தே வந்தது. அதைச் சமன் செய்ய 1991-ல் அமெரிக்க, கனடா மிஷனரிகளுக்கு மாதம் 350 டாலர் என்று ஒரே தொகை நிர்ணயிக்கப்பட்டது. 2020 ஜூலை முதல் அது 500 டாலர்: சுமார் 40,000 ரூபாய்க்கு மேல். சிறு வயதிலிருந்தே உண்டியலில் சேர்க்கும் பிள்ளைகள் உண்டு. ஏழை நாடுகளிலிருந்து புறப்படுபவர்களுக்குச் சபையின் பொது நிதி கைகொடுக்கிறது.

நிழல் போல ஒரு துணை

இந்த வாழ்க்கையின் மிகக் கடினமான பகுதி எது? பசியோ வெயிலோ அல்ல. கூட இருக்கும் ஆள்.

மிஷனரிகள் எப்போதும் ஜோடியாகத்தான் இருக்க வேண்டும். குளியலறை போன்ற சில விலக்குகள் தவிர, ஒருவர் மற்றவரின் பார்வையிலும் காதெட்டும் தூரத்திலும் இருக்க வேண்டும் என்பது விதி. துணையை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. அந்த வட்டாரத்துக்குப் பொறுப்பான மிஷன் தலைவர் தீர்மானிக்கிறார். யூட்டாவின் பணக்கார வீட்டுப் பையனும் பிலிப்பைன்ஸ் கிராமத்து மீனவர் மகனும் ஒரே அறையில், ஒரே அடுப்பில், ஒரே மேஜையில். சுமார் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் உத்தரவு வரும். ஒத்துப்போனவரைப் பிரிய வேண்டியிருக்கும். ஒத்துப்போகாதவருடன் இன்னொரு ஆறு வாரம் தள்ள வேண்டியிருக்கும். கல்யாணத்துக்கு முன்பே கிடைக்கும் குடும்பப் பயிற்சி என்று இதை அவர்களே கேலியாகச் சொல்வதுண்டு.

வாரத்தில் ஒரு பகல் 'ஆயத்த நாள்'. பெயர் கம்பீரமாக இருந்தாலும் நடப்பது துணி துவைப்பது, மளிகை வாங்குவது, முடி வெட்டிக்கொள்வது, வீட்டுக்கு எழுதுவது. 2019 பிப்ரவரி வரை தாய் தந்தையரின் குரலைக் கேட்க ஆண்டுக்கு இரண்டே முறைதான் அனுமதி: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். மற்ற நாட்களில் வாரம் ஒரு கடிதம், பிற்பாடு மின்னஞ்சல். பாட்டி இறந்த செய்தி வந்தாலும் திரும்பிப் போகாமல் ஊழியத்தில் தொடர்ந்தவர்கள் ஏராளம். 2019-ல் வாரந்தோறும் வீட்டாருடன் பேசலாம் என்று சபை அறிவித்தபோது, இரண்டு வருடம் மகன் முகத்தைப் பார்க்காமல் காத்திருந்து பழகிய தாய்மார்களுக்கு அது பெரிய செய்தி.

கெஞ்சத் தெரியும், பேரம் பேசத் தெரியாது

யூட்டாவின் ப்ரோவோ நகரில் இருக்கிறது இவர்களின் பெரிய பயிற்சி மையம். அங்கே 50-க்கு மேற்பட்ட மொழிகள் கற்பிக்கப்பட்டு வந்திருக்கின்றன. சொல்லித் தருபவர்களில் பெரும்பாலோர் அந்தந்த நாட்டில் ஊழியம் முடித்துத் திரும்பிய மாணவர்கள். இலக்கணத்தை முழுக்கப் படித்துவிட்டு வாய் திறக்கும் வழக்கம் இங்கே இல்லை. ஆரம்ப நாட்களிலேயே புதிய மொழியில் ஜெபிக்க வேண்டும். தப்பும் தவறுமாக உபதேசிக்க வேண்டும். சில வாரங்களில் விமானம் ஏறிவிட வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மனந்திரும்புதல், ஞானஸ்நானம், மீட்பு போன்ற சொற்கள் சரளமாக வரும். தக்காளி கிலோ என்ன விலை என்று கேட்க வராது. வேதமொழியில் கற்ற வாய் சந்தையில் திணறும். ஆனால் இரண்டு வருடம் தெருவில் அலைந்து, திட்டு வாங்கி, பிள்ளைகளுடன் விளையாடிக் கற்கும் மொழி எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காதது. தைவானில் மிஷனரியாக இருந்து சீன மொழி கற்ற ஜான் ஹன்ட்ஸ்மன் 2009-ல் சீனாவுக்கான அமெரிக்கத் தூதரானார். நிர்வாகவியல் அறிஞர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் தென் கொரியாவில் ஊழியம் செய்து கொரிய மொழி கற்றவர்.

மூடும் கதவுகள்

மொழி வந்துவிட்டால் போதுமா? கேட்க ஆள் வேண்டுமே. 2023-ல் சபையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் சுமார் 2.5 லட்சம். அந்த ஆண்டு இறுதியில் மிஷனரிகள் சுமார் 68,000. வகுத்துப் பார்த்தால் ஒரு மிஷனரிக்கு வருடத்தில் நான்கு பேர்கூட இல்லை. ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் கூடுதலாகக் கிடைப்பதை ஐரோப்பா ஈடுகட்டிவிடுகிறது: அங்கே இரண்டு வருடம் உழைத்து ஒருவர்கூடச் சேராமல் திரும்புபவர்கள் உண்டு. அதனால்தான் அறியாத கதவைத் தட்டுவதைவிட உறுப்பினர்களின் நண்பர்களைச் சந்திப்பது, இலவச ஆங்கில வகுப்பு, சமூக சேவை, சமூக ஊடகம் என்று வழிகள் மாறியிருக்கின்றன.

கதவுக்கு உள்ளே இருப்பவரின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வணங்கி வந்த கடவுள் போதாது என்று சொல்ல, பதினெட்டு வயது அயல்நாட்டுப் பையன் வாசலில் வந்து நிற்பதை எல்லோராலும் புன்னகையோடு ஏற்க முடியாது. அரசாங்கங்களும் அப்படித்தான். 1989 ஜூனில் கானா அரசு சபையின் நடவடிக்கைகளைத் தடை செய்து வெளிநாட்டு மிஷனரிகளை வெளியேற்றியது. தடை நீங்க 1990 நவம்பர் ஆயிற்று. ரஷ்யாவில் 2016-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு பொது இடத்தில் பிரசாரம் செய்ய முடியாது. மிஷனரிகள் 'தொண்டர்கள்' ஆனார்கள்.

சில இடங்களில் விலை உயிர். 1989 மே மாதம் பொலிவியாவின் லா பாஸ் நகரில் இரண்டு அமெரிக்க மிஷனரிகளைத் தீவிரவாதிகள் சுட்டுக் கொன்றார்கள். கொலையாளிகளின் கண்ணுக்கு அவர்கள் மதப் போதகர்களாகத் தெரியவில்லை; அமெரிக்காவாகத் தெரிந்தார்கள். 2016 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸ் விமான நிலையக் குண்டுவெடிப்பில் மூன்று மிஷனரிகள் படுகாயமடைந்தார்கள். சாலை விபத்தும் பயங்கரம்தான். 1968 ஜூனில் பிரான்ஸில் ஊழியம் செய்துகொண்டிருந்த மிட் ரோம்னி ஓட்டிச்சென்ற கார் விபத்துக்குள்ளாகி, மிஷன் தலைவரின் மனைவி இறந்தார். மயங்கிக் கிடந்த ரோம்னி இறந்துவிட்டதாகவே போலீஸ்காரர் பாஸ்போர்ட்டில் குறித்துவிட்டார். இறந்ததாகக் குறிக்கப்பட்டவர் 2012-ல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர்.

சென்னையில் 1853

இந்தியாவுக்கும் இந்த வெள்ளைச் சட்டைகளுக்கும் உள்ள தொடர்பு பழையது. 1852 ஆகஸ்ட்டில் சால்ட் லேக் சிட்டியில் கூடிய மாநாடு, இந்தியாவுக்கு ஆட்களை அனுப்ப முடிவு செய்தது. 1853 ஏப்ரலில் அவர்கள் கல்கத்தாவில் இறங்கினார்கள். அவர்களில் ரிச்சர்ட் பாலன்டைன் உள்ளிட்ட மூவர் அந்த ஜூலையில் சென்னை வந்து சேர்ந்தார்கள். 1854-ல் பாலன்டைன் இங்கே ஒரு மாதப் பத்திரிகைகூட அச்சிட்டார்.

பலன் கிடைக்கவில்லை. பணப்பை இல்லாமல் போய், கேட்பவர் தரும் உணவில் வாழ்வது அவர்களின் முறை. அமெரிக்கக் கிராமங்களில் எடுபட்ட அது, சாதிக் கட்டுப்பாடும் வெள்ளையர் அந்தஸ்தும் குறுக்கே நின்ற காலனி இந்தியாவில் எடுபடவில்லை. அவர்களை அனுப்பிய அதே மாநாட்டில்தான் பலதார மணத்தைச் சபை பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. (1890-ல்தான் அது கைவிடப்பட்டது.) அந்தச் செய்தி இங்கிருந்த ஆங்கிலேயரின் கதவுகளையும் அடைத்தது. பாலன்டைன் ஓராண்டில் நோயாளியாகத் திரும்பினார். 1856-க்குள் மற்றவர்களும் புறப்பட்டுவிட்டார்கள்.

அடுத்த அத்தியாயத்தை எழுதியவர்கள் இந்தியர்களே. கோவையைச் சேர்ந்த பால் திருத்துவதாஸ் 1965-ல் ஞானஸ்நானம் பெற்று, அந்த வட்டாரத்தில் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளிகள் நடத்தினார். 1993-ல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு மிஷன் உருவானது. 2007-ல் டெல்லிக்குத் தனி மிஷன். பெங்களூரில் ஆலயம் கட்டப்படும் என்று 2018 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது.

இங்கே சிக்கல்கள் வேறு. வெளிநாட்டவருக்கு மிஷனரி விசா எளிதல்ல. ஒரிசா 1967-லும் மத்தியப் பிரதேசம் 1968-லும் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டன. மதத்தைப் பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சின்னச் சங்கடம் ஒன்றும் உண்டு: இந்த மதத்தில் காபியும் டீயும் விலக்கு. வீடு தேடி வந்தவருக்கு முதலில் காபி நீட்டும் ஊரில், அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும்.

பாதியில் திரும்பினால்

பிராட்வேயில் 2011-ல் மேடையேறி ஒன்பது டோனி விருதுகளை அள்ளிய 'தி புக் ஆஃப் மார்மன்' இசை நாடகம் உகாண்டா போகும் இரு மிஷனரிகளைக் கிண்டலடித்தது. சபை கோபப்படவில்லை, நாடகத்தின் நிகழ்ச்சிப் புத்தகத்திலேயே தன் வேதத்துக்கு விளம்பரம் கொடுத்தது. மேடையில் சிரிப்பாகத் தெரிவது அறையில் அவ்வளவு சிரிப்பாக இருப்பதில்லை. தனிமை, தூக்கமின்மை, சந்தேகம், மனச்சோர்வு. 2013-ல் மிஷன் வாழ்க்கைக்குப் பழகிக்கொள்வது எப்படி என்று சபையே ஒரு கையேடு வெளியிட்டது. அதில் மன அழுத்தத்தைச் சமாளிக்கும் வழிகள் பட்டியலிடப்பட்டன.

நோயாலோ மனச்சோர்வாலோ பாதியில் திரும்புபவர்களின் நிலைதான் பரிதாபம். இரண்டு வருடம் முடித்து வருபவரை விமான நிலையத்தில் பலூனும் பதாகையுமாக வரவேற்கும் அதே சமூகம், ஆறு மாதத்தில் வருபவரை என்ன கேட்பது என்று தெரியாமல் பார்க்கும். யாரும் குற்றம் சாட்டாவிட்டாலும் அவர்களே தங்களைக் குற்றவாளிகளாக எண்ணிக்கொள்கிறார்கள். உடலும் மனமும் ஒத்துழைக்காதவர்களுக்கு வீட்டிலிருந்தபடியே சமூக சேவை செய்யும் வழியைச் சபை இப்போது திறந்துவிட்டிருக்கிறது. 2020-ல் கொரோனா பரவியபோது ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே மூச்சில் திருப்பி அழைக்கப்பட்டார்கள். பாதியில் வருவது ஒருவரின் பலவீனம் அல்ல என்பதை எத்தனையோ குடும்பங்கள் அப்போதுதான் நேரில் பார்த்தன.

முழுக் காலமும் முடித்தவர்களுக்கும் வீடு திரும்புவது சுலபமல்ல. ஊர்த் தலைவரைச் சந்தித்து, முறைப்படி விடுவிக்கப்பட்ட பின்தான் பேட்ஜைக் கழற்றலாம். மறுநாள் காலை எழுப்ப அட்டவணை இல்லை, பக்கத்துக் கட்டிலில் துணை இல்லை. கல்லூரி, வேலை, கல்யாணம் என்று அடுத்த வரிசை காத்திருக்கிறது. சிலர் நம்பிக்கை உறுதிப்பட்டுத் திரும்புகிறார்கள். சிலர் கேள்விகளோடு திரும்பி, சில ஆண்டுகளில் சபையை விட்டே விலகுகிறார்கள். இரு சாராருமே தூரதேசத்துத் தெரு ஒன்றின் பெயரையும், கதவைச் சாத்தாமல் தண்ணீர் கொடுத்த யாரோ ஒருவரின் முகத்தையும் நெடுங்காலம் மறப்பதில்லை. அந்த வீட்டுக்காரர் மதம் மாறியிருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை.