கணிப்பொறிக்கும் பூட்டு வேண்டும்

திருப்பூர் வட்டாரத்தில் பனியன் தொழிலோடு தொடர்பற்ற சிற்றூர் அரிது. தொழிலாளரின் ஊதியக் கணக்கும், ஆதார் எண்ணும், வங்கிக் கணக்கு எண்ணும் இன்று தொழிற்கூடத்துக் கணிப்பொறியில் இருக்கின்றன. ஊராட்சி அலுவலகக் கணிப்பொறியிலோ வீட்டுவரிக் கணக்கும் பயனாளிகள் பட்டியலும் உள்ளன. அக்கணிப்பொறி களவு போனால், இயந்திரத்தின் விலை மட்டுமா நட்டம்? ஊராரின் விவரங்கள் யாவும் அயலான் கைக்குப் போய்விடும்.

“கடவுச்சொல் வைத்திருக்கிறோமே” என்று சிலர் கூறுவர். அது வாயிற்கதவின் தாழ் போன்றதே. உள்ளிருக்கும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் பொருத்தினால், அக்கடவுச்சொல் இன்றியே அனைத்தையும் படித்துவிடலாம். டிஸ்க் முழுவதையும் மறையெழுத்தாக மாற்றி வைப்பதே மெய்யான பூட்டு. இதனை மறையாக்கம் என்பர். சாவி இல்லாதவனுக்கு அது பொருளற்ற எழுத்துக் குவியலேயாகும்.

இப்பூட்டு இருவகை இயங்குதளங்களிலும் உண்டு. திறந்த மூல வகையான லினக்ஸில் உள்ளது லூக்ஸ் எனப்படும், 2004இல் உருவானது. இதற்கு விலையில்லை. இதன் அமைப்பை வல்லுநர் எவரும் சோதித்துக் குறை காணலாம். நல்ல பூட்டின் பாதுகாப்பு சாவியில் இருக்கிறது; பூட்டின் அமைப்பை மறைப்பதில் இல்லை. ஒரே பூட்டுக்குப் பல கடவுச்சொற்களும் அமைக்கலாம். ஆகவே பொறுப்பாளர் இருவர் தனித்தனியே வைத்துக்கொள்ள இயலும்.

தனியுடைமை வகையான விண்டோஸில் பிட்லாக்கர் உள்ளது. பயன்படுத்த எளிது. ஆனால் அதன் முழு வசதி புரொபஷனல் முதலிய உயர் பதிப்புகளில்தான் கிடைக்கும். ஹோம் பதிப்பில் அதன் எளிய வடிவமே உண்டு. அதுவும் எல்லாக் கணிப்பொறிகளிலும் இல்லை. புதிய கணிப்பொறிகள் சிலவற்றில் உரிமையாளர் அறியாமலே பூட்டு விழுந்து, 48 இலக்க மீட்புச் சாவி அவருடைய மைக்ரோசாப்ட் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அக்கணக்கு யார் பெயரில் உள்ளது என்பதை இன்றே பார்த்துக்கொள்ளுதல் நலம்.

எவ்வகையாயினும் சாவி தொலைந்தால் உரியவரும் உள்ளே புக முடியாது. ஆதலின், மீட்புச் சாவியைத் தாளில் எழுதி உறையிலிட்டு, இரும்புப் பெட்டியில் வையுங்கள். கணிப்பொறிப் பையில் வைக்காதீர்கள். பூட்டுமுன் தகவல்களுக்கு நகல் எடுங்கள்; அந்நகலையும் பூட்டி வையுங்கள். கணிப்பொறி இயங்கும்போது புகும் வைரஸை இப்பூட்டு தடுக்காது என்பதையும் நினைவிற் கொள்க.

விதைநெல்லைக் காப்பது போல் ஊராரின் விவரங்களையும் காப்பது நம் கடமையன்றோ!