அரம் படாத இரும்பு
(தொடர் – 7)

1937-இல் சோவியத் நாட்டின் இஷெவ்ஸ்க் ஆலையில் செய்த மோசின்-நாகந்த் ரைபிளையும், 1942-இல் அதே ஆலை செய்ததையும் அருகருகே வைத்தால் ஒரே ஊர்ச் சரக்கு என்று நம்ப முடியாது. முதலாவதில், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் ஓடும் இரும்புக்கூடு மழமழவென்றிருக்கும். இரண்டாவதில் வெட்டுளி ஓடிய வரிகள் அப்படியே நிற்கும். நகத்தால் வருடினால் சீப்பின் பல்லைத் தடவியதுபோல் தட்டும். மரக்கட்டையில் தோள்வார் நுழையும் துளைக்கு முன்பெல்லாம் உலோக விளிம்பு உண்டு. போர்க்காலத்தில் அது சிறுத்தது, சிலவற்றில் காணாமலே போனது.

1941 அக்டோபரில் ஜெர்மன் டாங்கிகள் துலா நகரை நெருங்கின. அங்கிருந்த பழைய ஆயுத ஆலையின் இயந்திரங்களைக் கழற்றி ரயிலேற்றிக் கிழக்கே அனுப்பினார்கள். ரைபிள் செய்யும் சுமை பெரும்பாலும் இஷெவ்ஸ்க் தலையில் விழுந்தது. அரம் போட்டு மெருகேற்ற அங்கே யாருக்கு நேரம்?

இதை மட்டவேலை என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. போல்ட் முனையில் இரண்டு பூட்டுப் பற்கள் இருக்கின்றன. வெடிப்பின் விசையைத் தாங்குபவை அவைதான். மிச்சம் பிடித்ததெல்லாம் கண்ணுக்குத் தெரியும் வெளிப்பரப்பில். உயிர்காக்கும் இடத்தில் அல்ல. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரிந்த தொழிலாளியின் வேலை அது.

உண்மையான குறைகள் பெரும்பாலும் பின்னால் வந்து சேர்ந்தவை. போருக்குப் பின் பழுதுபார்த்து, கிரீஸில் முக்கிப் பெட்டியில் அடுக்கினார்கள். 2000-களில் அமெரிக்கக் கடைகளில் 100 டாலருக்கும் குறைவாக விற்றவை அந்தப் பெட்டிச் சரக்குதான். வாங்கியவர்களின் முதல் புகார், சில தோட்டா சுட்டதும் போல்ட் கைப்பிடியைத் தூக்க முடியவில்லை என்பது. தோட்டா அமரும் அறையில் இறுகிக் கிடந்த கிரீஸ் சூட்டில் இளகி, தோட்டாவின் கூட்டைப் பிடித்துக்கொள்ளும். கொதிநீரும் பித்தளைத் தூரிகையும் போதும், பலவற்றில் சரியாகிவிடும். பழைய தோட்டாவின் அடியில் உள்ள தீமூட்டி மருந்து விட்டுச்செல்லும் உப்புதான் கொடியது. அது ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும்.

குழல் முனை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நாட்டுவழி உண்டு. வெடிமருந்தில்லாத போலித் தோட்டாவைத் தலைகீழாகக் குழல்வாயில் செருகுவார்கள். குண்டு முழுவதும் இறங்கிக் கூட்டின் கழுத்து இடித்து நின்றால் தேய்மானம் அதிகம். ஆனால் இது ஏமாற்றவும் செய்யும். இரும்புக் கம்பியால் முன்பக்கமாகவே துடைத்துத் துடைத்துத் தேய்ந்த முனையை, ராணுவப் பட்டறைகள் சிறிது தூரம் அகலமாகக் குடைந்துவிட்டன. அதனால் குண்டைச் சுழற்றும் தேயாத வரிப்பள்ளம் உள்ளே தள்ளித் தொடங்கும். அத்தகைய குழலிலும் தோட்டா தடையின்றி இறங்கும். சுட்டால் குறி நன்றாகவே இருக்கும். டார்ச்சை அடித்து உள்ளே பார்த்த பிறகுதான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.