இணைய வேகம்: குறைகூறும் முன் அளவுகோலைச் சோதிப்போம்

மின்கட்டணத்திற்கும் பால் கணக்கிற்கும் மாதந்தோறும் பணம் ஒதுக்குவதுபோல், இணையத்திற்கும் ஒரு தொகையை ஒதுக்கியாக வேண்டிய நிலை இன்று பெரும்பாலான இல்லங்களில் ஏற்பட்டுவிட்டது. பிள்ளைகளின் பாடங்கள், வேலைக்கான விண்ணப்பங்கள், வங்கிக் கணக்கு, வளைகுடா நாட்டில் உழைக்கும் வாப்பாவின் முகத்தைத் திரையில் காண்பது ஆகிய யாவும் அந்த ஒரு கம்பியின் வழியாகவே நடைபெறுகின்றன. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது பள்ளிகளும் மதரஸாக்களும் வீட்டுத் திரைக்குள் வந்து சேர்ந்ததை எவரும் மறந்திருக்க முடியாது.

அக்கம்பியின் வேகம் குறையும்போது வீட்டில் சலசலப்பு எழுவது இயல்பே. "நூறு என்று சொல்லிப் பணம் வாங்குகிறார்கள், பன்னிரண்டுதான் வருகிறது!" என்னும் குரலை மயிலாப்பூரிலும் கேட்கலாம், தியாகராய நகரிலும் அடையாற்றிலும் கேட்கலாம். அக்குரலில் நியாயம் இருக்கவும் கூடும், இல்லாதிருக்கவும் கூடும். கணிப்பொறியில் வேகத்தைக் காட்டும் கருவி ஒரு சாட்சியைப் போன்றது. சாட்சியை விசாரியாமல் தீர்ப்பு வழங்கினால் இரண்டு தீங்குகள் நேரும். கம்பி இழுக்க வந்த ஏழைத் தொழிலாளியின் மீது வீண்பழி சுமத்துவோம். அல்லது வீட்டுக்குள் இருக்கும் பழுதை அறியாமல், கூடுதல் கட்டணத் திட்டத்திற்கு மாறி ஆண்டுக்கணக்கில் பணத்தை விரயம் செய்வோம்.

வளர்ந்து வந்த வழி

நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் தொடங்கியது. அன்று சேவை பெற்ற நகரங்களுள் சென்னையும் ஒன்று. தொலைபேசிக் கம்பியில் மோடத்தை இணைத்து, நொடிக்கு 9.6 கிலோபிட் வேகத்தில் தகவல் பெற்ற காலம் அது. 2004-ஆம் ஆண்டு மத்திய அரசின் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட்டாவது இருந்தால்தான் அகலக்கற்றை எனச் சொல்லலாம் என வரையறுத்தது. அந்த அளவு பின்னர் 512 கிலோபிட்டாகவும், 2023-இல் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது. இன்று ஒரு சாதாரணக் குடும்பம் வாங்கும் 100 மெகாபிட் இணைப்பு, 1995-இன் வேகத்தைப்போல் பத்தாயிரம் மடங்கிற்கும் மேலானது. எனினும் அளக்கும் முறையை அறியாதவருக்கு அந்த நூறும் பத்தாகத் தோன்றும்.

ஓட்டமானியும் ஓட்டச் சோதனையும்

வேகத்தைக் காட்டும் கருவிகள் இரு வகைப்படும். இவ்வேறுபாட்டை அறிவதே முதற்பாடம்.

முதல் வகை, இந்நொடியில் கணிப்பொறிக்குள் எவ்வளவு தகவல் வருகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்பதைத் திரையின் ஓரத்தில் இடைவிடாது காட்டிக்கொண்டிருப்பது. நெட்ஸ்பீட் மானிட்டர், நெட்வொர்க்ஸ் போன்ற மென்பொருள்கள் இவ்வகையின. இரண்டாம் வகை, கம்பியால் எவ்வளவு தாங்க முடியுமோ அவ்வளவு தகவலைச் சில நொடிகளுக்கு வரவழைத்து, அதன் உச்சத்தை அளந்து கூறுவது. ஊக்லா நிறுவனத்தின் ஸ்பீட்டெஸ்ட், 2016-இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட ஃபாஸ்ட்.காம் ஆகியவை இவ்வகையைச் சார்ந்தவை.

குடிநீர்க் குழாயில் பொருத்திய மானியை நினைத்துப் பாருங்கள். குழாயை மூடியிருக்கும்போது மானியின் முள் அசையாது. அதனால் தெருவில் தண்ணீர் வரவில்லை என்று பொருளாகுமா? அவ்வாறே, எதையும் பதிவிறக்கம் செய்யாதபோது முதல் வகைக் கருவி பூஜ்யத்தையோ மிகச் சிறிய எண்ணையோ காட்டுவதே சரியானது. ஒரு காணொளியைப் பார்க்கும்போது 5 மெகாபிட் காட்டினால், அக்காணொளிக்கு அவ்வளவே தேவைப்பட்டது என்று கொள்ளலாம். இணைப்பின் ஆற்றல் அவ்வளவுதான் என்று கொள்ளலாகாது.

மானி அசையவே இல்லையெனில்

பெரிய கோப்பு ஒன்றைப் பதிவிறக்கும்போதும் கருவி பூஜ்யத்தையே காட்டுமானால், கோளாறு பெரும்பாலும் கருவியின் அமைப்பிலேயே இருக்கும்.

ஒரு கணிப்பொறியில் இணைய வாயில்கள் பல உண்டு. கம்பிக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று, புளூடூத்துக்கு ஒன்று, வி.பி.என். போன்ற மென்பொருள்கள் தாமே உருவாக்கிக்கொள்ளும் கற்பனை வாயில்கள் சில. கருவி கம்பி வாயிலைக் கவனித்துக்கொண்டிருக்கையில் நீங்கள் வைஃபை வழியாக இணைந்திருந்தால், அது பூஜ்யத்தைத்தான் காட்டும். கருவியின் அமைப்புப் பகுதியைத் திறந்து, இப்போது பயன்பாட்டிலுள்ள வாயிலைத் தேர்ந்தெடுத்தால் எண்கள் ஓடத் தொடங்கும். மாறாக, எல்லா வாயில்களையும் ஒருசேரக் கவனிக்கச் சொல்லிவிட்டு வி.பி.என். பயன்படுத்தினால், ஒரே தகவல் இருமுறை எண்ணப்பட்டு உண்மையைவிட இருமடங்கு வேகம் தோன்றக்கூடும்.

கருவியே கண்ணில் தென்படவில்லை என்பது அடுத்த குறை. நெட்ஸ்பீட் மானிட்டர் பழைய விண்டோஸ் பதிப்புகளுக்காக எழுதப்பட்டது. விண்டோஸ் 10-இல் அதை நிறுவ முற்பட்டால் மறுப்புச் செய்தி வருவதுண்டு. நிறுவும் கோப்பின் பண்புகளில் பழைய பதிப்புக்கான இணக்க முறையைத் தேர்ந்தெடுத்துப் பலர் அதை இயக்கினர். 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11-இலோ, பணிப்பட்டையில் இத்தகைய கருவிகள் வந்து அமரும் இடமே நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே அதில் இக்கருவியை எத்தனை முறை நிறுவினாலும் பயன் விளையாது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளை ஒருசேர அழுத்தினால் திறக்கும் டாஸ்க் மேனேஜரே போதுமானது. அதன் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஓட்டத்தின் வரைபடத்தைச் செலவின்றிக் காணலாம்.

எட்டில் ஒரு பங்கு

நூறு பன்னிரண்டான கதைக்கு வருவோம். இணைய நிறுவனங்கள் வேகத்தைப் பிட் கணக்கில் சொல்கின்றன. பதிவிறக்கும் மென்பொருள்களோ பெரும்பாலும் பைட் கணக்கில் காட்டுகின்றன. 8 பிட் சேர்ந்தது 1 பைட். நொடிக்கு 100 மெகாபிட் என்பதும் நொடிக்கு 12.5 மெகாபைட் என்பதும் ஒன்றே. படியால் அளந்ததை மரக்காலால் அளந்து, நெல் குறைந்துவிட்டது என்று வழக்காடுவது போன்றது இப்பூசல். ஆங்கிலத்தில் பிட்டைச் சிற்றெழுத்தாலும் பைட்டைப் பேரெழுத்தாலும் குறிப்பது வழக்கம். கருவியின் அமைப்பில் இரண்டில் எது தெரிவு செய்யப்பட்டுள்ளது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவரும் கம்பியும்

அலகும் சரி, வாயிலும் சரி. ஆயினும் வேகம் குறைவு என்றால் அடுத்து வீட்டைச் சோதிக்க வேண்டும்.

மயிலாப்பூரின் பழைய வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய பருத்த சுவர்களை இன்றும் காணலாம். வெயிலைத் தடுக்கும் அச்சுவர்கள் வைஃபை அலைகளையும் தடுக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகம் மிக்கது. ஆனால் சுவர்களைக் கடக்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அதைவிட எளிதாகச் சுவரைக் கடக்கும். எனினும், ஒன்றோடொன்று மோதாத தடங்கள் அதில் 1, 6, 11 என மூன்றே உள்ளன. தியாகராய நகரின் நெருக்கமான அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்டை வீட்டாரின் ரவுட்டர்கள் அனைத்தும் அம்மூன்று தடங்களிலேயே முட்டிமோதுகின்றன. சமையலறையின் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில் குறுக்கிடும். ரவுட்டரை அலமாரிக்குள்ளோ தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னாலோ மறைத்து வைக்காமல், வீட்டின் நடுவே சற்று உயரத்தில் வைப்பது நன்று.

உண்மையை அறிய ஒரே வழி, கணிப்பொறியை ரவுட்டருடன் கம்பியால் நேரடியாக இணைத்துச் சோதிப்பது. அப்போது கம்பியையும் கவனிக்க வேண்டும். அதனுள் 8 இழைகள், 4 இணைகளாக உள்ளன. 100 மெகாபிட் வேகத்திற்கு 2 இணைகள் போதும். 1,000 மெகாபிட் வேகத்திற்கு நான்கும் வேண்டும். ஓர் இழை அறுந்தாலும் இணைப்பு ஓசையின்றி 100-க்கு இறங்கிவிடக்கூடும். 200 அல்லது 300 மெகாபிட்டிற்குப் பணம் செலுத்தும் வீட்டில், எந்நேரம் சோதித்தாலும் 94 அல்லது 95 என்றே வருமானால், ஐயம் கொள்ள வேண்டியது இக்கம்பியைத்தான். அல்லது 100-க்கு மேல் ஏறாத பழைய கணிப்பொறியின் வாயிலை. ரிச்சி தெருவில் புதிய கம்பி ஒன்றை வாங்கி மாற்றுவதோடு தீர்ந்துவிடக்கூடிய குறை இது. கட்டணத் திட்டத்தை உயர்த்தினாலும் அந்த 94 மாறாது.

சோதிக்கும் நேரத்தில் பிள்ளைகளின் கைப்பேசிகளும் தொலைக்காட்சியும் இணையத்தைப் பயன்படுத்தாதிருக்க வேண்டும். விண்டோஸ் தானாகச் செய்துகொள்ளும் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதை டாஸ்க் மேனேஜரில் காணலாம். வி.பி.என். இருந்தால் நிறுத்திவிட வேண்டும். திட்டத்தின் மாதாந்திரத் தகவல் வரம்பு தீர்ந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். வரம்பு தீர்ந்தபின் வேகத்தைக் குறைப்பது பல திட்டங்களின் நிபந்தனைகளிலேயே எழுதப்பட்டிருக்கும்.

வீட்டுக்கு வெளியே

சோதனைக் கருவி பெரும்பாலும் அருகிலுள்ள சர்வரையே தேர்ந்தெடுக்கும். சென்னையிலுள்ள சர்வரோடு அளக்கும் வேகம் வேறு. கடல் கடந்த சர்வரோடு அளக்கும் வேகம் வேறு. இரு கருவிகள் இரு விடைகளைக் கூறுவதற்கும் இதுவே முதன்மைக் காரணம்.

சோதனையில் வரும் 'பிங்' என்னும் எண், ஒரு செய்தி சென்று திரும்ப ஆகும் நேரத்தைக் குறிக்கும். 2002-இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த ஐ2ஐ என்னும் கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்று திரும்ப ஒரு நொடியில் ஆயிரத்தில் 32 பங்காவது ஆகியே தீரும். எவ்வளவு பணம் செலுத்தினாலும் அதை யாராலும் குறைக்க இயலாது. வாப்பாவுடன் பேசும்போது குரல் சற்றுத் தாமதித்து வந்தால், அதில் ஒரு பங்கு தொலைவினால் விளைவது.

இயற்கையும் குறுக்கிடுவதுண்டு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, கடலடிக் கேபிள் ஒன்று பழுதடைந்ததாகச் சந்தாதாரர்களுக்கு அறிவிக்கப்பட்டது. அத்தகைய நாளில் ரவுட்டரை நூறு முறை அணைத்து ஏற்றினாலும் பயனில்லை.

முறையீடு செய்யும் முறை

இவ்வளவும் சோதித்தபின் வேகம் குறைவாகவே இருந்தால், அப்போது முறையிடுவது உங்கள் உரிமை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006-இல் வகுத்த தர விதிகள், சந்தா வேகத்தில் 80 விழுக்காட்டிற்கு மேல் கிடைக்க வேண்டுமென்று கூறின. அதை அளக்கும் எல்லையாக, நிறுவனத்தின் இணைப்பு மையத்திலிருந்து சந்தாதாரர் வரையுள்ள பகுதியை அவ்விதிகள் கொண்டன. 2024-இல் அவற்றின் இடத்தில் புதிய விதிகள் வந்துள்ளன. எவ்விதியாயினும், உங்கள் வீட்டுச் சுவரால் விளையும் இழப்பிற்கு நிறுவனத்தைப் பொறுப்பாக்க இயலாது. கம்பியில் அளந்த எண்ணே உங்கள் பக்கத்து ஆதாரம்.

ஒரு வாரம், நாளுக்கு மூன்று வேளை, காலை, மாலை, இரவு பத்து மணி என வேகத்தை அளந்து, தேதி, நேரம், சர்வரின் பெயர், பதிவிறக்க வேகம், பதிவேற்ற வேகம், பிங் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பள்ளி செல்லும் பிள்ளையிடமே இப்பணியை ஒப்படைக்கலாம். இரவில் மட்டும் வேகம் சரிந்தால், ஒரே பாதையை அளவுக்கு மிஞ்சிய வீடுகள் பகிர்ந்துகொள்வதற்கான அறிகுறி அது. எந்நேரமும் குறைவாக இருந்தால், உங்கள் இணைப்பிலேயே பழுது இருக்க வாய்ப்பு மிகுதி.

அந்தக் குறிப்புடன் நிறுவனத்தின் புகார் மையத்தில் புகார் செய்து, புகார் எண்ணைத் தவறாமல் பெற்றுக்கொள்ளுங்கள். தீர்வு கிட்டாவிடில், அந்நிறுவனத்திலேயே உள்ள மேல்முறையீட்டு அலுவலரை அணுகலாம். 2012-ஆம் ஆண்டு விதிகள் இவ்விரு படிகளையும் வகுத்துள்ளன. தனிநபர் புகார்களை டிராய் தானே விசாரிப்பதில்லை என்பதை நினைவிற் கொள்க. அதற்கப்பால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு எதிராக நுகர்வோர் மன்றங்களை நாடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் உறுதி செய்துள்ளது.

கடைக்காரர் எடை குறைத்தால் தட்டிக் கேட்கும் நாம், தராசின் முள் நேராக நிற்கிறதா என்பதையும் பார்த்துவிட்டே கேட்கிறோம். இணையத்திற்கும் அதே நீதிதான். கையில் நோட்டும் புகார் எண்ணும் வைத்துக்கொண்டு அமைதியாகப் பேசும் வாடிக்கையாளரின் சொல்லை எந்த நிறுவனமும் எளிதில் தள்ளிவிட முடியாது.